தாதாவைப் பற்றி நாவல் எழுதுகிறேன். வில்லனைக் கொண்டாடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். கொண்டாடாமல் எழுத முடியுமா?

முடியும். நான் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

உங்கள் நாவலை நான் படித்ததில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. நண்பர்களை உறுத்துவது ரத்தமோ கெட்ட வார்த்தையோ ஆக இருக்காது. உங்கள் தாதா பேச ஆரம்பித்தால் அறையே அடங்கிவிடும். அவனுக்கு அடிபட்ட ஒரு சிறுவயது இருக்கும், அம்மா மேல் பாசம் இருக்கும், சொன்ன சொல் மாறமாட்டான். அவன் கையால் அடிவாங்குகிறவனுக்கு இதில் ஒன்றும் இருக்காது. பல நேரம் பெயர்கூட இருக்காது.

அதற்குள் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 'நாவல் படித்துவிட்டு எவனும் கத்தி எடுப்பதில்லை' என்பார்கள். சரி, நானும் அப்படிச் சொல்லவில்லை. 1840இல் லண்டனில் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் என்ற முதியவரை அவருடைய வேலையாளே கொலை செய்தபோது, ஜாக் ஷெப்பர்ட் என்ற திருடனைப் பற்றி அப்போது பரபரப்பாக ஓடிக்கொண்டிருந்த நாவல்தான் அவனைக் கெடுத்தது என்று பெரிய கூச்சல் எழுந்தது. அந்த மாதிரிக் கூச்சலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தடை கேட்கிற ஆளும் நான் இல்லை. நான் பேசுவது எழுத்துக்குள் நடக்கிற கணக்கைப் பற்றி.

கணக்கு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எழுத வருவதற்கு முன்னால் ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் வேலை பார்த்தேன். அங்கே வந்த ஒரு வாடிக்கையாளருக்குச் சில லாரிகள் இருந்தன. அவருடைய பேரேட்டில் 'பழுதுபார்ப்பு' என்ற தலைப்பில் மாதாமாதம் ஒரே தொகை, ரசீது இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. லாரி மாதாமாதம் ஒரே தொகைக்குப் பழுதாகாது. கேட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாமூல். ஒரு மாதம் கொடுக்கத் தாமதமானதாம். ஆட்கள் வந்தார்கள். கை வைக்கவில்லை, குரல்கூட உயரவில்லை. அவருடைய மகள் பள்ளி விட்டு எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக வருவாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் தாமதித்ததே இல்லை.

இதைவிட என்னை உலுக்கியது அதே பேரேட்டில் இன்னொரு பக்கம். அந்தத் தொகையை ஈடுகட்ட அவர் ஓட்டுநர்களின் படியைக் குறைத்திருந்தார். ஏன் குறைத்தார் என்று வெளியே சொல்லவும் முடியாது. ஆக, ஓட்டுநர்களுக்கு அவர் கஞ்சன். அவர்களில் ஒருவருடைய தங்கை கல்யாணத்துக்கு அந்தத் தாதா பணம் கொடுத்திருக்கிறான். ஓட்டுநருக்கு அவன் தெய்வம். ஓட்டுநரின் படியில் கழித்த பணம் ஒரு சுற்றுச் சுற்றி, தாதாவின் தர்மமாக அவர் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. இது அந்த ஓட்டுநருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. பேரேட்டைப் பார்த்த எனக்குத் தெரியும்.

என் நாவல் அங்கிருந்துதான் பிறந்தது. ஆளும் தொழிலும் அடையாளம் தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். தாதா ஒரு வரிகூட வராத ஒரு நீண்ட அத்தியாயத்தை, பணம் கட்டுகிறவரின் கணக்குப்பிள்ளை சொல்வதாக எழுதினேன்.

பதிப்பாசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் தூக்கச் சொன்னார். "சார், வேகம் விழுது. தாதா இல்லாத இருபது பக்கத்தை யார் படிப்பாங்க? காட்ஃபாதர் எடுத்துப் பாருங்க, எவ்வளவு மாஸா போகுது." நல்ல மனிதர்தான், நிறையப் படித்தவர். ஆனால் நானும் காட்ஃபாதரை வரி வரியாகப் படித்தவன். 1969இல் மாரியோ பூசோ எழுதிய அந்த நாவலின் சாமர்த்தியம் தொடக்கத்திலேயே இருக்கிறது. தன் மகளை அடித்து நொறுக்கிய இளைஞர்களை நீதிமன்றம் விட்டுவிட, ஒரு தகப்பன் டானிடம் போய் நியாயம் கேட்கிறான். நாம் அந்த இடத்திலேயே டான் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பிறகு அங்கே சாகிறவர்கள் பெரும்பாலும் வேறு தாதாக்கள், அல்லது லஞ்சம் வாங்கும் போலீஸ் அதிகாரி. தெருவில் மாமூல் வாங்குகிறவன் ஃபனூச்சி. அவனை, பிறகு டானாக ஆகப்போகும் இளம் விட்டோ கொர்லியோனே சுட்டுக் கொல்கிறான், நமக்கு நிம்மதியாக இருக்கிறது. கொர்லியோனே குடும்பத்தின் சூதாட்டத்தில் வீட்டைத் தொலைத்தவன் எங்கே? அவனுடைய மனைவி எங்கே? அவர்களைத் தேடினால் அந்தப் புத்தகத்தில் கிடைக்கமாட்டார்கள். நிஜமான தாதா ஒருவரைக்கூடத் தான் சந்தித்ததில்லை, எல்லாம் ஆராய்ச்சியிலிருந்து எழுதியது என்று பூசோவே எழுதியிருக்கிறார். அவருடைய கதைசொல்லும் ஆற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. இப்போதும் எடுத்தால் கீழே வைக்க முடியாது. அவர் யாரை வெளியே நிறுத்தினார் என்பதைத்தான் சொல்கிறேன்.

பதிப்பாசிரியர் விடவில்லை. "உங்க வில்லன்தான் கடைசியில சாகிறானே, அது போதாதா?" என்றார். போதாது. 1983இல் வந்த ஸ்கார்ஃபேஸ் படத்தில் தாதா டோனி மொன்டானா தன் மாளிகைக்குள்ளேயே குண்டுகள் துளைத்துச் செத்து விழுகிறான். அந்தப் படத்தின் வீடியோவை ஒரு கட்டடக் கலைஞரிடம் கொடுத்து, அதே மாதிரி மாளிகை வேண்டும் என்று கட்டிக்கொண்டவன் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்து கமோரா என்ற குற்றக் கும்பலைச் சேர்ந்த வால்டர் ஸ்கியாவோனே. ரொபெர்த்தோ சவியானோ 2006இல் எழுதிய கொமோரா என்ற புத்தகத்தில் இது வருகிறது. அந்தப் புத்தகத்துக்காக மிரட்டப்பட்டு, அதே ஆண்டிலிருந்து போலீஸ் பாதுகாப்பில் வாழ வேண்டி வந்தது சவியானோவுக்கு. படிக்கட்டும் தூண்களும் ஸ்கியாவோனேவின் மனதில் நின்றன, சாவு நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கொடுக்கிற தண்டனையால் முந்நூறு பக்கப் பில்டப்பை அழிக்க முடியாது.

பேசிப் பேசி, கடைசியில் அத்தியாயம் தப்பியது. அதற்குப் பதில் உச்சக்கட்டச் சண்டையைச் சுருக்கித் தந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு வாசகர்கூட அந்தச் சண்டை சின்னதாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கொட்டியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். புத்தகம் வெளிவந்த வாரமே அதன் பிடிஎஃப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கம் பக்கமாக யாரோ பொறுமையாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். 'அருமையான நாவல், மிஸ் பண்ணாதீங்க' என்ற பாராட்டோடு எனக்கே வந்து சேர்ந்தது. இப்படி அனுப்புவது தவறு என்று எழுதினேன். 'எழுத்தாளருக்குப் பணத்தாசை' என்று பதில் வந்தது. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு ராயல்டி வருவதே அபூர்வம். வருகிற கொஞ்சத்தையும் நல்லவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்கிறவர்கள் இப்படிப் பறிக்கும்போது வயிறு எரிகிறது. பறித்ததை ஊருக்கு இலவசமாகக் கொடுத்து வள்ளல் பெயர் வாங்குவதை அந்தப் பேரேட்டில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் நாவலுக்கு வருகிறேன்.

உங்கள் தாதாவிடமிருந்து பாசத்தையும் பேச்சையும் பிடுங்கிவிடாதீர்கள். நிஜத்திலும் அவர்களுக்குக் கவர்ச்சி உண்டு. அது இல்லாவிட்டால் கூட்டம் எப்படிச் சேரும்? அசிங்கமான மிருகமாகக் காட்டினால் அது வேறொரு பொய். டிக்கன்ஸ் இதை அழகாகக் கையாண்டார். ஆலிவர் ட்விஸ்ட்டுக்கு 1841இல் எழுதிய முன்னுரையில், கதைகளில் வரும் திருடர்கள் குதிரையும் நல்ல உடுப்புமாகத் திரிவதைச் சுட்டிக்காட்டி, தான் அவர்களை அவர்களுடைய நிஜமான அவலத்தோடு காட்டியதாகச் சொன்னார். ஆனாலும் சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகினின் சிரிப்பை அவர் குறைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் பையன்கள் அவனிடம் தங்குகிறார்கள்.

நீங்கள் மாற்ற வேண்டியது காட்சி எங்கே முடிகிறது என்பதை. அடி விழுந்ததும் அத்தியாயத்தை முடித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தாதா காரில் ஏறிப் போகட்டும், நீங்கள் கூடவே ஏறாதீர்கள். அடிபட்டவரோடு தங்குங்கள். மறுநாள் அவர் தொழிலுக்குப் போகிறாரா, வீட்டில் என்ன பொய் சொல்கிறார், கட்ட வேண்டிய பணத்தை யார் வயிற்றிலிருந்து எடுக்கிறார் என்று எழுதுங்கள். தாதா யாருக்காவது உதவி செய்கிற காட்சி இருந்தால், அந்தப் பணம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அதற்கு முன்பே ஒரு முறை காட்டிவிடுங்கள். விளக்கம் வேண்டாம், தொகையை மட்டும் சொன்னால் வாசகர் கூட்டிக்கொள்வார்.

இத்தனை செய்தும் சிலர் தாதாவின் வசனத்தைத்தான் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். என் நாவலுக்கும் வைத்தார்கள். அதற்காக அந்த வசனத்தை வெட்டிவிடாதீர்கள். கணக்குப்பிள்ளை மாதிரி ஒருவருக்கும் அதே அளவு நல்ல வசனம் எழுதுங்கள்.