கேத்தில் 2,200 வாற்று என்கிறது, கணக்கில் 2,001 தான் வருகிறது. எது சரி?

கேள்வி: வெள்ளவத்தையில் பழைய மாடிவீடு ஒன்றில் இருக்கிறோம். புதிதாக ஒரு கேத்தில் வாங்கினோம். அடியில் ‘220–240 வோல்ற்று, 1850–2200 வாற்று’ என்று போட்டிருக்கிறது. வயரிங் வேலை பழகும் என் மகன் மீற்றர் வைத்துப் பார்த்தான்: 230 வோல்ற்று, 8.7 அம்பியர். இதை வைத்துத் தடையையும் வலுவையும் எப்படிக் கணக்கிடுவது? 2,200 வரவில்லையே, கேத்திலில் பிழையா, மீற்றரில் பிழையா? குசினியில் உள்ள பழைய 5 அம்பியர் பிளக் பொயின்றில் அடப்டர் போட்டுத்தான் பாவிக்கிறோம். தண்ணீர் கொதித்து முடியும்போது அடப்டர் கொஞ்சம் சுடும். ஆனால் பிரேக்கர் ஒருநாளும் விழவில்லை.

பதில்: முதலில் அந்த அடப்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள், அம்மா. ஏன் என்பது கணக்கிலேயே வரும்.

வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் வலு. வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை. உங்கள் கேத்திலுக்கு 230 தர 8.7, அதாவது 2,001 வாற்று. 230 ஐ 8.7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.4 ஓம். மகன் அளந்தது சரி, கேத்திலும் சரி.

அப்படியானால் 2,200 எங்கே போனது? அடியில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். கேத்திலுக்குள் இருக்கும் கம்பியின் தடை மாறுவதில்லை. வீட்டுக்கு வரும் அழுத்தம்தான் மாறுகிறது. 240 வோல்ற்றில் 2,200 வாற்று எடுக்க வேண்டுமானால் தடை எவ்வளவு? 240 ஐ 240 ஆல் பெருக்கி 2,200 ஆல் வகுத்தால் 26.2 ஓம். அதே தடைக்கு 220 வோல்ற்றுக் கொடுத்தால் 1,850 வாற்று வரும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, நடுவில் நிற்கிறது. அதனால் வலுவும் இரண்டு எண்களுக்கும் இடையில் 2,000 ஐ ஒட்டி வருகிறது.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். கரண்ட் குறைந்து 205 வோல்ற்றுக்கு வந்துவிட்டால் கேத்தில் கூடுதல் அம்பியர் இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கேத்திலைப் பொறுத்தவரை அது தவறு. 205 ஐ 26.2 ஆல் வகுத்துப் பாருங்கள், 7.8 அம்பியர்தான். வலுவும் 1,600 வாற்றளவுக்கு இறங்கிவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க முக்கால் நிமிடம் போல் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

சரி, இனி அந்த அடப்டர். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். 5 அம்பியருக்குச் செய்த பொயின்றில் 8.7 அம்பியர் ஓடுகிறது. போதாததற்கு வெள்ளவத்தையில் கடற்காற்று. பழைய பித்தளைத் துளைகள் கறுத்து, பிடி தளர்ந்து, பின்னுக்கும் துளைக்கும் நடுவில் தனியாக ஒரு சின்னத் தடை உருவாகிவிடும். அது 0.1 ஓம் என்று வைப்போம். அங்கே வரும் சூட்டைக் கணக்கிட அம்பியரை அம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும்: 8.7 தர 8.7 தர 0.1, ஏறத்தாழ 7.6 வாற்று. கேட்கச் சிறிது. ஆனால் அது முழுவதும் ஒரு பயற்றங்காய் விதையளவு இடத்தில் இறங்குகிறது. அதே பொயின்றில் 0.1 அம்பியர் எடுக்கும் போன் சார்ஜரைச் செருகினால் அங்கே வருவது 0.001 வாற்று. அம்பியர் 87 மடங்கு கூடினால் சூடு 7,500 மடங்குக்கு மேல் கூடுகிறது. சார்ஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, கேத்திலுக்கும் ஆகாது என்று நினைக்க முடியாதது இதனால்தான்.

பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் இப்படிப்பட்ட பொயின்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பின்பக்கம் தேயிலைச் சாயம்போல் பழுப்பு. வயரின் பிளாஸ்ரிக் உறையை விரலால் வளைத்தேன், பிஸ்கற் மாதிரி உடைந்து கொட்டியது.

பிரேக்கர் விழவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். அந்த வயருக்கு 6 அம்பியர் பிரேக்கர் போட்டிருந்தால், அது 8.7 அம்பியரில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதன் தரவிதி. உங்கள் கேத்தில் மூன்று நான்கு நிமிடத்தில் கொதித்து நின்றுவிடுகிறது. பிரேக்கருக்கு அது தெரியவே வராது. தளர்ந்த துளையில் எரியும் சூட்டை எந்தப் பிரேக்கரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே அம்பியர் கூடுவதில்லை.

மகனுக்கு ஒரு வார்த்தை. கேத்திலின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கேத்திலின் சுவிற்சைப் போட்டு, பிளக்கின் படுக்கையான இரண்டு பின்களிலும் மீற்றரை ஓம் அளவில் வைத்துப் பார்க்கட்டும். 26 ஐ ஒட்டி வரும். அதே சோதனையைப் பழைய 100 வாற்று இழை பல்பில் செய்தால் குழம்பிவிடுவான். கணக்குப்படி 529 ஓம் வரவேண்டும், மீற்றர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது. பல்பின் இழை எரியும்போது வெள்ளைச் சூட்டுக்குப் போவதால் தடை அத்தனை மடங்கு ஏறுகிறது; கேத்திலின் நைக்ரோம் கம்பியில் மாற்றம் மிகச் சிறிது. ஃபேன், ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார்ச் சாமான்களுக்கு இந்தப் பெருக்கலும் வகுத்தலும் அப்படியே பொருந்தாது. அவற்றில் பெருக்கி வரும் எண் உண்மையான வாற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தேர்ச்சி பெற்ற எலெக்ற்றீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, பிரேக்கர்ப் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைத் தனியாக இழுத்து, குசினியில் 13 அம்பியர் பொயின்ற் ஒன்று போடச் சொல்லுங்கள். இதை மகன் தனியே செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதுவரை வீட்டில் வேறு அறையில் 13 அம்பியர் பொயின்ற் இருந்தால் கேத்திலை அங்கே வையுங்கள். புதுப் பொயின்ற் போட்டபின் இரண்டு தடவை தொடர்ந்து தண்ணீர் கொதிக்க வைத்து, சுவிற்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஸ்குறூ சரியாக இறுக்கப்படவில்லை, வந்தவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.