38, 36, 32, 30: ஏடிபி கணக்கில் எதை எழுதுவது?

கேள்வி: நான் இளம் அறிவியல் உயிர்வேதியியல் முதலாம் ஆண்டு மாணவி. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் 38 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும் என்று பள்ளியில் படித்தேன். கல்லூரிக் குறிப்பில் 36 என்று இருக்கிறது. நூலகத்தில் எடுத்த பாடநூலோ 32 அல்லது 30 என்கிறது. இவற்றில் எது சரி? தேர்வில் எதை எழுதுவது?

பதில்: விடை எண்ணைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த எண் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டுகளாக உடையும் கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏடிபியும், எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் 2 என்ஏடிஹெச்சும் கிடைக்கின்றன. இரண்டு பைருவேட்டுகள் அசெட்டைல் கோஏ ஆகும்போது மேலும் 2 என்ஏடிஹெச் வருகின்றன. அந்த அசெட்டைல் கோஏவை ஆக்ஸிஜனேற்றும் கிரெப்ஸ் சுழற்சி இரண்டு முறை சுற்றும்போது 6 என்ஏடிஹெச், அதைப் போலவே எலக்ட்ரான் சுமக்கும் 2 எஃப்ஏடிஹெச்2, ஏடிபிக்கு ஈடான 2 ஜிடிபி ஆகியவை உண்டாகின்றன. மொத்தத்தில் 10 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2, நேரடியாகக் கிடைத்த 4 ஏடிபி. பழைய நூல், புதிய நூல் எதை எடுத்தாலும் இந்த மூன்று எண்களும் மாறுவதில்லை. மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் இவற்றைச் செய்யுங்கள்.

மாறியது மாற்று விகிதம் மட்டுமே, அதாவது ஒரு என்ஏடிஹெச் அல்லது எஃப்ஏடிஹெச்2 எத்தனை ஏடிபிக்குச் சமம் என்பது. ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று வைத்தால் 30 + 4 + 4 = 38. அதையே 2.5, 1.5 என்று வைத்தால் 25 + 3 + 4 = 32.

பழைய விகிதம் முழு எண்ணாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்த எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனுக்குச் செல்லும் பாதையான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் மூன்று இடங்களில் ஏடிபி உருவாகிறது என்றும், ஒவ்வோர் இடத்திலும் ஆற்றல் மிகுந்த ஏதோ ஓர் இடைநிலைச் சேர்மம் இருக்க வேண்டும் என்றும் கருதினார்கள். அப்படியானால் ஓர் இடத்துக்கு ஓர் ஏடிபி என்றுதான் கணக்கு வரும், பின்னத்துக்கு இடமே இல்லை. அந்தச் சேர்மத்தை ஆண்டுக்கணக்கில் தேடியும் அது அகப்படவில்லை. 1961-இல் பீட்டர் மிட்செல், அப்படியொரு சேர்மம் தேவையே இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஆற்றலைத் தேக்கிவைக்கிறது என்றார். முதலில் பலர் ஏற்க மறுத்த அந்தக் கருத்துக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் பார்வையில், இந்தப் பாடத்திட்டம் முழுவதிலும் நிதானமாக நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான்.

இனி விகிதம் தானாக வரும். ஒரு என்ஏடிஹெச் தரும் இரண்டு எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனைச் சென்றடைவதற்குள் சங்கிலியின் புரதக் கூட்டமைப்புகளில் முதலாவது 4, மூன்றாவது 4, நான்காவது 2 என்று 10 புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. எஃப்ஏடிஹெச்2-இன் எலக்ட்ரான்கள் முதல் கூட்டமைப்பைத் தொடாமல் அதற்கு அடுத்த கடத்தியான யூபிகுயினோனில் நுழைவதால் 6 மட்டுமே. ஓர் ஏடிபியை உருவாக்க ஏறத்தாழ 3 புரோட்டான்களும், பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவர ஒன்றும், ஆக 4 செலவாகின்றன. 10-ஐ 4-ஆல் வகுத்தால் 2.5, 6-ஐ வகுத்தால் 1.5. (மாட்டின் இதய மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸின் சுழல் வளையத்தில் 8 துணையலகுகள் இருப்பது 2010-இல் தெரியவந்தது. ஒரு சுற்றுக்கு 8 புரோட்டான், 3 ஏடிபி என்று பார்த்தால் என்ஏடிஹெச்சின் மதிப்பு 2.7 அளவில் வரும். எனவே 2.5-ம் தோராயமே.)

36-ம் 30-ம் எங்கிருந்து வந்தன? கிளைக்காலிசிஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ள செல் திரவமான சைட்டோசாலில் நடக்கிறது; அங்கே உண்டாகும் 2 என்ஏடிஹெச்சால் உட்சவ்வைக் கடக்க முடியாது. அவற்றின் எலக்ட்ரான்கள் மட்டும் உள்ளே போகின்றன. கல்லீரலிலும் இதயத்திலும் மாலேட்–அஸ்பார்ட்டேட் வழியாகச் சென்றால் மதிப்பு குறையாது. கிளிசரால் பாஸ்பேட் வழியில் அவை நேராக யூபிகுயினோனைச் சேர்கின்றன. அப்போது பழைய விகிதத்தில் 38 என்பது 36 ஆகிறது, புதிய விகிதத்தில் 32 என்பது 30 ஆகிறது.

உங்கள் துறையில் ஆக்ஸிஜன் மின்முனை இருந்தால், பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை வைத்துச் செய்யும் சோதனையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஏடிபியாக மாறும் மூலப்பொருளான அடினோசின் டைபாஸ்பேட் கரைசலைச் சிறிது ஊசியால் செலுத்திய உடனே, கோடு செங்குத்தாகச் சரியும். அது தீர்ந்ததும் சரிவு மறுபடி தளரும். ஆனால் கோடு ஒருபோதும் கிடைமட்டமாக நிற்காது. ஏடிபி உருவாகாதபோதும் புரோட்டான்கள் சவ்வின் வழியே கசிந்துகொண்டிருக்கின்றன, அதற்கு ஈடுகொடுக்க ஆக்ஸிஜன் செலவாகிக்கொண்டே இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் உடல் வெப்பத்துக்காகவே இந்தக் கசிவு பெருமளவில் நடக்கிறது. ஆகவே உயிருள்ள செல்லில் கிடைப்பது 30-க்கும் குறைவாகவே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத சிவப்பணுவுக்குக் கிடைப்பது வெறும் 2.

தேர்வு விடைத்தாளில் முதலில் 10, 2, 4 என்ற கணக்கை எழுதுங்கள். அடுத்து எந்த விகிதத்தைக் கொள்கிறீர்கள் என்பதையும், சைட்டோசால் என்ஏடிஹெச் எந்த வழியில் செல்வதாகக் கொள்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டு, 32 அல்லது 30 என்று முடியுங்கள். பழைய விகிதத்தில் 38 அல்லது 36 வரும் என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துபவருக்கும் ஐயம் எழாது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் 38, 36 இரண்டில் ஒன்று மட்டும் இருந்து 32, 30 இல்லாவிட்டால், வினா பழைய விகிதத்தில் அமைந்தது என்று கொள்ளலாம். இரு விகிதங்களின் விடைகளும் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் பாடத்திட்டம் எந்த நூலைப் பின்பற்றுகிறது என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குப் பால்மிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 சுற்று பீட்டா ஆக்ஸிஜனேற்றம், 8 அசெட்டைல் கோஏ, தொடக்கச் செலவு 2 ஏடிபி. புதிய விகிதத்தில் 106-ம் பழையதில் 129-ம் வர வேண்டும். வராவிட்டால், ஓர் அசெட்டைல் கோஏ சுழற்சியில் தருவது எத்தனை என்ற இடத்தை முதலில் சரிபாருங்கள்.