பிள்ளைக்கு ஏற்ற தொடக்கப் பள்ளி எது?

தொடக்கப் பள்ளி என்பது, ஏறத்தாழ 6 வயது முதல் 11 வயது வரை, பிள்ளை எழுத்தையும் எண்ணையும் பிறரோடு பழகும் முறையையும் கற்றுக்கொள்ளும் இடம். அங்கே நம் பிள்ளை அச்சமின்றித் தவறு செய்து, திருத்திக்கொண்டு முன்னேற முடிந்தால் அதுவே ஏற்ற பள்ளி. முதல் சில ஆண்டுகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. பிறகு மற்ற பாடங்களை வாசித்துத்தான் கற்கிறது என்பதால், இந்த அடித்தளம் ஆட்டம் கண்டால் பின்னர் வரும் அறிவியலும் வரலாறும்கூடச் சுமையாகிவிடும்.

செருப்பு வாங்கும்போது விலையையோ மினுமினுப்பையோ விட, காலில் கடிக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்? பள்ளியும் அப்படித்தான். 40 நிமிட வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒரு நிமிடம். நேரில் செல்லும்போது, அனுமதி பெற்று, ஒரு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் இருக்கிறதா, பிழையை விளக்கி ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்கிறதா என்பது, வரவேற்பறையில் அடுக்கிய கோப்பைகளைவிட அதிகம் சொல்லும். (பயண நேரத்தையும் மறவாதீர்கள், களைத்து வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது.)

வீட்டுப்பாடம் அதிகம் தரும் பள்ளியே நன்றாகக் கற்பிக்கிறது என்பது பலருக்குள்ள தவறான எண்ணம்; வகுப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலைதான் பல நேரம் வீட்டுக்கு வருகிறது.