கத்தியில் பெயர் கோணலாக இருந்தால் அது போலியா?

ஜப்பானில் இருந்து வாங்கிய கைவேலைக் கத்தியில் எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கோணலை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது.

ஜப்பானியக் கத்திகளில் பொறிக்கும் பெயரை 'மெய்' என்பார்கள். நல்ல கத்திகளில் அதைச் சின்ன உளியும் சுத்தியலும் கொண்டு, ஒவ்வொரு கோடாகக் கையால் வெட்டுகிறார்கள். கத்தியை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோடு என்று நினைத்தது பல சின்ன ஆப்பு வடிவ வெட்டுகளாகத் தெரியும். நகத்தால் தடவினால் ஓரத்தில் லேசாக மேடு தட்டும். ஒரே கை வெட்டிய இரண்டு கத்திகள்கூட அச்சு அசலாக ஒத்துப்போகாது. எனக்கு மிகவும் பிடித்ததே அந்த வித்தியாசம்தான்.

அச்சு வைத்து அடித்த முத்திரை வேறு மாதிரி: எல்லாக் கத்தியிலும் ஒரே வடிவம். அப்புறம், மேற்கத்தியக் கைவினைஞர்கள் பலர் ஸ்டென்சில் வைத்து, உப்புக் கரைசலும் மின்சாரமும் கொண்டு அரிக்கிறார்கள். நேர்மின்சாரம் (DC) உலோகத்தைக் குழித்தெடுக்கும், மாறுமின்சாரம் (AC) கறுப்பாக்கும். தெளிவான முத்திரைதான், ஆனால் உளியின் உயிர்ப்பு அதில் வராது.

இன்னொன்று. ஜப்பானின் சகாய் நகரில் கத்தியை அடித்து உருவாக்குபவர், சாணை பிடிப்பவர், கைப்பிடி போடுபவர் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். அதனால் கத்தியில் இருப்பது பெரும்பாலும் விற்கும் கடையின் பெயர். கொல்லர் யார் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.