வெப் டெவலப்பருக்கு முதல் கிளையன்ட் எங்கிருந்து வருவார்?

வெப்சைட் செய்யக் கற்றாயிற்று, போர்ட்ஃபோலியோவும் போட்டாயிற்று, ஒரு வேலையும் வரவில்லை என்று தவிக்கிறீர்களா? உங்கள் பக்கத்தின் முதல் வரியைப் பாருங்கள். "ரியாக்ட், நோட், மாங்கோடிபி தெரியும்" என்று இருந்தால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. வேலை கொடுக்கப்போகிற கடைக்காரருக்கோ மருத்துவருக்கோ அந்தப் பெயர்கள் தெரியாது. "என் சைட் மொபைலில் திறக்கவே மாட்டேன் என்கிறது", "ஃபார்ம் நிரப்பினேன் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை" என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கவலைக்கு விடையாக உங்கள் முதல் வரி இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாம் செய்வேன் என்று கிளம்பாமல் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். பல் மருத்துவம், இசைப் பள்ளி, கட்டுமானம் என எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தொழிலில் 30 சைட்டுகளைத் திறந்து, கண்ட குறைகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதுங்கள். பத்தாவது சைட்டைத் தாண்டும்போதே ஒரே குறைகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் தெரிவதில் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ தோன்ற ஆகும் நேரம்தான் எல்சிபி, அது 2.5 விநாடிக்கு மேல் போகக்கூடாது. பக்கம் திறக்கும்போது எழுத்தும் படமும் இடம் மாறிக் குதிப்பதைக் காட்டும் சிஎல்எஸ் 0.1-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் கொஞ்சம் மாறும் என்பதால் மூன்று முறை சோதித்து நடுவில் வருவதை எடுங்கள். இந்த எண்கள் உங்களுக்குத்தான். கிளையன்டிடம் "முகப்புப் படம் தேவைக்கு அதிகமாகப் பெரிது, அதனால்தான் தாமதம்" என்று சொன்னால் போதும்.

பலர் கண்டுகொள்ளாத இன்னொரு குறை, தொடர்பு ஃபார்ம். வேர்ட்பிரஸ் சைட்டுகளில் ஃபார்ம் அனுப்பும் மெயில் நேராக ஸ்பாமுக்குப் போவது சாதாரணமாக நடப்பது. அனுப்புநர் முகவரியாக, நிரப்பியவருடைய ஜிமெயில் முகவரியையே வைத்திருப்பார்கள். அந்த மெயில் கூகுளின் சர்வரிலிருந்து வரவில்லை என்பதால் பெறுகிற சர்வர் நம்ப மறுக்கிறது. அனுப்புநராக சைட்டின் சொந்த டொமைன் முகவரி, பதில் முகவரியாக நிரப்பியவரின் முகவரி, எஸ்எம்டிபி வழியாக (மெயில் சர்வரில் உள்நுழைந்து) அனுப்புதல், டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு, மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் பதிவு என்று இவ்வளவுதான் மருந்து. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் எவரானாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. வேலை சிறியது, பலன் பெரியது. விசாரணை மெயில் இழந்துகொண்டிருந்தவர் உங்களை மறக்க மாட்டார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அனுமதியில்லாமல் யாருடைய சைட்டிலும் பாதுகாப்பு ஓட்டை தேடும் ஸ்கேனர்களை ஓட்டாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

குறை கண்டவருக்கு ஐந்து வரியில் எழுதுங்கள். "வணக்கம். உங்கள் சைட்டை மொபைலில் பார்த்தேன். நேரம் குறிக்கும் பட்டன் குக்கி அறிவிப்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, அழுத்த முடியவில்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். சரிசெய்ய அரை நாள் போதும். வேண்டுமென்றால் சொல்லுங்கள், செலவை எழுதி அனுப்புகிறேன்." இதில் உங்கள் பட்டம், படித்த கோர்ஸ் எதுவும் வேண்டாம். வாரம் பத்துப் பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு. நாற்பது பேருக்கு எழுதியும் ஒருவர்கூடப் பதில் தரவில்லையென்றால், இன்னொரு ஃப்ரேம்வொர்க் படிக்க ஓடாதீர்கள். மாற்ற வேண்டியது கடிதத்தை, அல்லது தேர்ந்தெடுத்த தொழிலை.

இன்னொரு வழியை மாணவர்கள் ஏனோ நினைப்பதே இல்லை: சிறிய டிசைன், மார்க்கெட்டிங் நிறுவனங்கள். அவர்களிடம் கிளையன்ட் இருப்பார், கோட் எழுத ஆள் போதாது. டிசைனை அப்படியே பக்கமாக்கித் தர முடியும் என்று ஒரு மாதிரியோடு அணுகுங்கள். கூலி சற்றுக் குறைவாக இருக்கும், ஆனால் வேலை தொடர்ந்து வரும். முடித்ததை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களும் உதவும், நம்பி உட்கார்ந்துவிடாத வரை. ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20% எடுத்துக்கொள்கிறது. விலை சொல்லும்போதே அதைக் கணக்கில் சேருங்கள். விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரியில் அவருடைய பிரச்சினை இருக்கட்டும், உங்கள் அறிமுகம் பிறகு வரட்டும். பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்படாத கிளையன்ட், முதலிலேயே தளத்துக்கு வெளியே பேச இழுப்பவர், டெபாசிட் கேட்பவர் ஆகிய மூவரையும் விட்டு விலகுங்கள். "இந்த ரெப்போவை (கோட் தொகுப்பை) இறக்கி ஓட்டிப் பாருங்கள், அதுதான் தேர்வு" என்று வரும் அழைப்பு இன்னும் ஆபத்தானது. அந்தக் கோட் தன்னோடு இழுத்து வரும் பேக்கேஜுக்குள் ஒளித்து வைத்த நிரல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடிவிடக்கூடும். உங்கள் சொந்தக் கணினியில் அதை ஓட்டவே கூடாது.

கிளையன்ட் சரி என்றதும் ஒரு பக்கத்தில் எழுதி உறுதி செய்யுங்கள்: எத்தனை பக்கங்கள், எழுத்தும் படமும் யார் தருவது, எந்தத் தேதிக்குள், எத்தனை திருத்தங்கள். இரண்டு திருத்தம் நியாயமானது. வேலை இழுத்துக்கொண்டே போவதற்குப் பெரும்பாலும் காரணம் கோட் அல்ல, கிளையன்ட் தர வேண்டிய எழுத்து வராததுதான். அதனால் "எழுத்தும் படமும் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்" என்று கெடு எழுதுங்கள். பாதி முன்பணம் வாங்காமல் தொடங்க வேண்டாம். டொமைனும் ஹோஸ்டிங்கும் கிளையன்ட் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் பெயரில் வைத்தால் நாளை பிரிவு வரும்போது சண்டையாகும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்த மாதம் எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்டால் தொடக்கத்தில் பிள்ளைக்குச் சொல்லப் பதில் இருக்காது. "இந்த வாரம் எத்தனை பேருக்கு எழுதினாய், என்ன பதில் வந்தது?" என்று கேளுங்கள். வேலை நடக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

முதல் சைட் ஒப்படைத்த வாரத்திலேயே இரண்டு கேட்க வேண்டும்: ஒன்று, அப்டேட்டும் பேக்கப்பும் பார்க்க மாதக் கட்டணத்தில் ஒரு ஒப்பந்தம்; மற்றொன்று, அதே தொழிலில் அவருக்குத் தெரிந்த இன்னொருவரின் பெயர். ஒரு மாதம் தள்ளிப்போட்டால், புது சைட் வந்த மகிழ்ச்சி அவருக்கு ஆறிவிடும்.