அண்ணன் மேல கேஸ் போட்டா பாவமா?

கேள்வி: அப்பா 2019-ல உயில் எழுதாம இறந்துட்டாங்க. வீடும் 36 சென்ட் தென்னந்தோப்பும் இருக்கு. அம்மா, அண்ணன், நான்னு மூணு பேர்தான். பங்கு கேட்டா "உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே"ன்னு அண்ணன் சொல்றாரு. அவரு சபை கமிட்டி செயலாளர். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல எழுதிப் பார்த்தேன், சண்டைதான் பெருசாச்சு. பாஸ்டர்கிட்ட போனா, விசுவாசி கோர்ட்டுக்கு போகக்கூடாது, பைபிள்ல கொரிந்தியர்ல இருக்கு, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டு சமாதானமா இருன்னு சொல்றாரு. ரெண்டு மாசமா சபையில ராப்போஜனம் (திருவிருந்து) எடுக்க மனசு வரல. கேஸ் போட்டா பாவமா?
— ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சிஸ்டர், முதல்ல ஒண்ணு, அந்த விடுதலைப் பத்திரத்துல இப்போ கையெழுத்து போடாதீங்க. ஜெபம் பண்ணி முடிச்ச கையோட பேனாவை நீட்டினாலும் வேண்டாம், யோசிச்சு சொல்றேன்னு எழுந்து வந்துடுங்க.

உங்ககிட்ட வாசிச்சது 1 கொரிந்தியர் 6-ல 7-ம் வசனமாத்தான் இருக்கும், நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கக்கூடாதுன்னு அதை எழுதின பவுல் கேக்குற இடம். ஆனா அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி, சகோதரருக்குள்ள வர்ற வழக்கைத் தீர்க்க ஒரு விவேகிகூட உங்க நடுவுல இல்லையான்னு சபையைப் பார்த்து கேக்குறாரு, 8-ம் வசனத்துல நீங்களே அநியாயம் செய்றீங்க, அதுவும் சகோதரருக்கேன்னு பங்கை வச்சிருக்கிறவனையும் பிடிக்கிறாரு. நடு வசனத்தை மட்டும் எடுத்து பங்கு கிடைக்காத தங்கச்சிக்கு வாசிச்சா அது எப்படிங்க சமாதானம் ஆகும்? கோர்ட்டுக்கு போகாதன்னு சொல்ற சபை நியாயத்தை தானே உக்காந்து விசாரிக்கணும், அதைச் செய்யாம போகாதன்னு மட்டும் சொல்றதுக்கு அந்த அதிகாரத்துல இடமே இல்ல.

நகை விஷயத்துக்கு வர்றேன். நம்ம கிறிஸ்தவங்களுக்கு 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாம இறந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைங்களுக்கு சமமா, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அப்பா உயிரோட இருக்கும்போது பிள்ளைக்கு கொடுத்ததை பங்குல கழிக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல 49-வது பிரிவு சொல்லுது. அதனால தோப்புல அம்மாவுக்கு 12 சென்ட், அண்ணனுக்கு 12, உங்களுக்கு 12, வீட்டுலயும் அதே கணக்குதான். உங்க பக்கம் பெரியவங்க "பொம்பளப் பிள்ளைக்கு நகைதான்"னு பேசுறது பழைய திருவிதாங்கூர் சட்டத்துல இருந்து வந்த பழக்கம், அதுல மகளுக்கு மகன் பங்குல கால்வாசி இல்லாட்டி 5,000 ரூபாய், எது கம்மியோ அதுதான். மேரி ராய்ங்கிற கேரள கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்குல 1986-லயே சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லியாச்சு.

இப்போ உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. மத்தேயு 18-ல முதல் படியே நீயும் அவனும் தனியா இருக்கும்போது பேசுங்கிறதுதான், நீங்க நேரா வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டீங்க, மச்சினன், சித்தப்பா பிள்ளைங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா எந்த மனுஷனும் விறைச்சுக்கத்தான் செய்வாரு. அதை அழிச்சுட்டு, அப்படி போட்டது தப்புதான்ணே, மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு ஒரு நாள் தனியா போய் பேசுங்க. ஒத்து வரலன்னா ரெண்டு பேரை உக்கார வைங்க, ஒருத்தர் உங்க பக்கம் ஒருத்தர் அவரு பக்கம், ஆனா ரெண்டு பேருமே உங்க சபையா இருக்க வேண்டாம், செயலாளர் முகத்தைப் பார்த்துக்கிட்டு யாரும் நியாயம் பேச மாட்டாங்க. பக்கத்து சேகரத்துல (சபை வட்டாரத்துல) ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வக்கீல் யாராவது இருப்பாங்க.

எங்க சபையில ரெண்டு அண்ணன் தம்பி கிணத்துப் பாதைக்காக ஆறு வருஷம் பேசாம இருந்தாங்க, ஒருத்தர் முதல் ஆராதனைக்கு வந்தா இன்னொருத்தர் ரெண்டாவதுக்கு வருவாரு. ஒரு சாயங்காலம் எங்க வீட்டு திண்ணையில உக்கார வச்சோம். பைபிளை அப்போ யாரும் தொறக்கல, மூலப் பத்திரத்தைத்தான் விரிச்சோம், அதுல நாலு அடி பாதைன்னு அவங்க தாத்தாவே எழுதி வச்சிருந்தாரு. மறுநாள் டேப் பிடிச்சு அளந்து கல்லு நட்டாங்க. அதனால பேசப் போகும்போது பத்திரம், பட்டா, வில்லங்க சான்று, வாரிசு சான்று எல்லாம் கையில இருக்கட்டும். முடிவானதும் வாய்ப்பேச்சோட விடாம பாகப்பிரிவினையா எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, குடும்பத்துக்குள்ளன்னா கட்டணத்துல சலுகை உண்டு.

அதுக்கும் வரலன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல மனு கொடுங்க, கேஸ் போடாமலே ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசுவாங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னாலும் வக்கீல் இலவசம். லோக் அதாலத்துல முடிஞ்சா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே, அப்பீல் கிடையாது. எதிராளியோட கோர்ட்டுக்கு போற வழியில இருக்கும்போதே ஒத்துப்போன்னு இயேசு சொன்னதுக்கு இது ரொம்ப பக்கத்துல இருக்குன்னு எனக்கு தோணுது.

அங்கயும் அண்ணன் வரலன்னா பாகப்பிரிவினை கேஸ் போடுங்க, அது பாவம் இல்ல. பவுலே நியாயம் கிடைக்காதுன்னு தெரிஞ்சப்போ இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயம் (அப்பீல்) போட்டவர்தானே, அப்போஸ்தலர் 25-ல இருக்கு. ரொம்ப வருஷம் தள்ளிப் போடாதீங்க, காலக்கெடு பிரச்சினை வரலாம். (இதை வாசிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, அடிதடி, பிள்ளைங்ககிட்ட பாலியல் ரீதியா தப்பா நடக்கிறது இதெல்லாம் சபைக்குள்ள பேசி முடிக்கிற விஷயமே இல்ல, பிள்ளைங்க விஷயத்தை போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு போக்சோ சட்டம் இருக்கு.)

ராப்போஜனத்தை விடாதீங்க. அப்புறம் உங்க லெட்டர் முழுக்க அண்ணனும் நீங்களும்தான் இருக்கீங்க, அம்மா என்ன சொல்றாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே. மூணுல ஒரு பங்கு அவங்களுது, அண்ணன்கிட்ட போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய் உக்காந்து கேளுங்க, எழுதுற பத்திரத்துல அவங்க கடைசி வரைக்கும் அந்த வீட்டுல இருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.