ஒட்டகப்பால் பசையும் கன்றுக் கழிச்சலும்

கேள்வி: ஐயா, எங்கள் கலப்பின ஜெர்சிப் பசு கன்று போட்டு ஐந்து நாளாகிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு, சாயங்காலம்தான் கன்றை ஊட்டவிட்டோம். நேற்றிலிருந்து வெள்ளையாகக் கழிகிறது. போன ஈத்துக் கன்றும் இப்படித்தான் செத்தது. ஒட்டகப்பாலில் எடுத்த நல்ல பாக்டீரியா என்று தீவனக் கடையில் 650 ரூபாய்க்கு ஒரு பசையும், கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரையும் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, முதலில் கன்றின் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, பால் குடிக்காத இடைநேரங்களில் கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலோ, விரலை வைத்தால் சப்பாவிட்டாலோ உடனே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். அதற்கு மேல் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஒட்டகப்பால் விஷயம் முழுப் பொய்யல்ல. அந்தப் பாலிலும், கஜகஸ்தானில் அதைப் புளிக்கவைத்துக் குடிக்கும் ஷுபாத்திலும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம், ஃபெர்மென்டம் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் கிடைக்கின்றன. அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி, கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பதெல்லாம் கன்றின் குடலில் நடந்துவிடாது. இதே இனங்கள் நம் இட்லி மாவிலும் உண்டு. என்ன பாக்டீரியா, எத்தனை கோடி உயிரோடு இருக்கிறது என்று எழுதாத பசையைத் தொடாதீர்கள். அதோடு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுப்பவர் விற்பனையைத்தான் பார்க்கிறார். மாத்திரை அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். கழிச்சல் ரோட்டா வைரஸால் வந்திருந்தால் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சாயங்காலம் வரை சீம்பால் ஏன் கொடுக்கவில்லை? தருமபுரி, கிருஷ்ணகிரியில் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் கொடி விழுந்த பிறகுதான் ஊட்டவிட வேண்டும் என்ற இந்த நஞ்சுக்கொடிக் கணக்கைச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பசுவின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போவதில்லை. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் போயாக வேண்டும். அதை உள்ளே விடும் குடல் நேரம் ஆக ஆக மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் முழுதாக மூடிவிடும். பிறகு எந்த மாநிலத்துப் பாக்டீரியாவை வாங்கி ஊற்றினாலும் அந்தப் புரதத்துக்கு ஈடாகாது. கன்று மடியை முட்டி ஊட்டும்போது பசுவுக்குச் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. கொடி விழவும் அது உதவியே. ஆக, காத்திருப்பதால் பசுவுக்கும் லாபமில்லை.

அடுத்த ஈத்தில் மடியைக் கழுவித் துடைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு போக வேண்டும்; 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். திரட்டுப்பால் கிண்ட மிச்சம் இருந்தால் கிண்டுங்கள். அதிலும் ஒரு பாட்டிலை ஃபிரீசரில் போட்டு வையுங்கள், தாய்க்குச் சுரக்காத நாளில் வேறு கன்றுக்கு ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்து வீணாகிவிடும்.